துரையின் கதிரையில் யாழ்ப்பாணத்தான்

எமது பீடத்து மாணவர் கூட்டத்தில் இவ்வாண்டும் சுற்றுலாப் பேச்சு எழுந்தது. "மலைநாட்டில் ஒரு பழைய துரை பங்களாவில் இரண்டு இரவு" என்ற முன்மொழிவு வந்ததும் கைதட்டல் எழுந்ததை அங்கிருந்த எவரும் மறந்திருக்கமாட்டார். அதனை எதிர்த்துப் பேச நான் எழுந்தபோது, "போன முறை நீயும் வந்தனிதானே?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரிப்பொலியில் என் பேச்சு அமிழ்ந்துபோயிற்று. ஆம், போனவன்தான். போனபடியாலேயே எதிர்க்கின்றேன். கூட்டத்தில் சொல்லி முடிக்க இயலாததை இம்மலரில் எழுதுகின்றேன். சிரிக்க விரும்புவோர் வாசித்து முடித்தபின் சிரிக்கலாம்.

2025ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் நாங்கள் பதினெட்டுப் பேர் நுவரெலியா மாவட்டத்தின் ஒரு பங்களாவுக்குச் சென்றோம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அதுபோன்றவை இன்று பல. ஓர் அறைக்கு ஓர் இரவு 38,000 ரூபாய். நால்வர் ஓர் அறையில் நெருக்கிப் படுத்தும் சிலர் வீட்டில் கடன் கேட்க வேண்டியிருந்தது. அந்த இடம் அழகாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அழகை மறுத்துவிட்டு வாதிடுவது எளிது, அது நேர்மையன்று. மெழுகேற்றிய பலகைத் தளம், கணப்படுப்பில் எரியும் விறகு, படுக்கையினுள்ளே யாரோ முன்கூட்டியே வைத்துச்சென்ற வெந்நீர்ப்பை, காலையில் யன்னலைத் திறந்தால் மலைச்சரிவு முழுவதும் கத்தரித்துவிட்டாற்போன்ற பச்சை. மருதனார்மடத்துச் சிவந்த மண்ணிலே தோட்டக்கிணற்றடியில் வளர்ந்தவனுக்கு அந்தக் குளிரே ஒரு செல்வமாகத் தோன்றிற்று.

விறாந்தைச் சுவரில் பழைய நிழற்படங்கள் வரிசையாகத் தொங்கின. துரைமாரின் கிரிக்கெற் குழு, வேட்டையாடிய மிருகத்தின் மீது கால்வைத்து நிற்கும் துரை, துரைசாணியின் தேநீர் விருந்து. ஒவ்வொன்றின் கீழும் பெயர்கள் இருந்தன. ஒரு படத்தில் துரையின் காலடியில் படுத்திருந்த நாய்க்கும் பெயர் எழுதப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த படத்தில் இருபது இருபத்தைந்து பெண்கள் கூடை சுமந்து நின்றனர். அதன்கீழ் "கொழுந்து பறிப்போர்" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி மாத்திரமே இருந்தது. அச்சுவரின் முன் நின்று நாங்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். நானும் எடுத்தேன்.

இரவுணவின்போது எமக்குப் பரிமாறியவர் எழுபதை அண்மித்த ஒரு தமிழ் முதியவர். மலையகத்தார் 'பங்களா அப்பு' என்று அழைப்பது அத்தகையவரைத்தான். வெள்ளை மேலங்கியும் பித்தளைப் பொத்தான்களும் அணிந்திருந்தார். விருந்தினருக்குப் பழங்காலச் சுவை காட்டவே அந்த உடை என்று பின்னர் அறிந்தேன். சூப்புக் கோப்பையை என்முன் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா, தொரே?" என்று கேட்டார். என் தகப்பனைவிட மூத்தவர். நான் கூசியிருக்க வேண்டும். கூசினேன், ஆனால் கூசுவதற்கு முன் ஒரு கணம் மனத்துக்குள் இனித்தது. இக்கட்டுரை அந்த ஒரு கணத்தைப் பற்றியது. அந்த இனிப்புக்கான விலையும் சேர்ந்துதான் 38,000 ரூபாய்.

எங்கள் அணியில் மலையக மாணவன் ஒருவன் இருக்கின்றான். பெயர் சொல்வதை அவன் விரும்பமாட்டான். அவனுடைய தோட்டம் அந்தப் பங்களாவிலிருந்து மூன்று கட்டை தூரம். அவன் எங்களோடு பஸ்ஸில் வந்தான், வாசல்வரை வந்தான், பையை இறக்கவில்லை. "நீங்க போங்கடா. எனக்கு அந்த மாதிரி வூட்டுல பின்வாசல் மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தான். அவனுடைய தாத்தா ஒரு துரை பங்களாவில் தோட்டவேலை செய்தவராம். சம்பளநாளில்கூட முன்வாசற்படியில் ஏறியதில்லையாம். நாங்கள் அதனை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டோம். மறுநாட் காலை நாலுபேர் அவன் வீட்டுக்குப் போனோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, பின்னே புகைபடிந்த குசினி. அவனுடைய தாயார் பிரட்டுக்குப் போய்விட்டிருந்தார். விடுமுறையென்று கொழுந்து வளராமல் நிற்குமா? தங்கை எங்களுக்குச் சாயத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். பங்களாவில் எமக்குத் தந்த தேநீர் மலையில் விளைந்த முதல்தரம். அத்தேயிலையைப் பறிக்கும் வீட்டில் குடித்தது தூள்தேயிலை. இதற்கு மேல் இதனை விவரிக்கத் தேவையில்லை.

கணக்கொன்று மட்டும் போடுகின்றேன். 2024ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்டு நாங்கள் சென்ற வேளையில் நடைமுறையிலிருந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். மாதம் இருபத்தைந்து நாளும் குறையாமல் வேலை கிடைத்து, குறித்த கிலோவும் நிறைந்து, அரைப்பேர் விழாமல் இருந்தால் 33,750 ரூபாய். சேமலாப நிதிக் கழிவை இதில் சேர்க்கவில்லை. நாங்கள் ஓர் இரவு ஓர் அறையில் உறங்கியது அந்தத் தாயாரின் ஒருமாத உழைப்பைவிட அதிக விலைக்கு.

'ஏழை பணக்காரன் வேறுபாடு எங்கும் உள்ளதுதானே. கொழும்பில் கடற்கரை ஹோட்டலுக்குப் போனாலும் இதே கணக்குத்தானே' என்று கேட்பார்கள். இல்லை என்பதே என் வாதம். கடற்கரை ஹோட்டல் விற்பது அறையையும் கடற்காற்றையும். மலைநாட்டு மாளிகை விற்பது 'அந்தக் காலத்தை'. துரையாக இருத்தல் எப்படியிருக்கும் என்ற அனுபவத்தையே அது சரக்காக்கி விற்கின்றது. எதிரே கைகட்டி நிற்க ஒருவர் இல்லாமல் துரை இல்லை. ஆகவே அந்த ஒருவரும் விலையில் அடக்கம்.

அந்தக் காலம் எப்படித் தொடங்கிற்று என்பதைச் சிறிது நோக்குவோம். 1824 முதல் 1831 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த எட்வேட் பான்ஸ் நுவரெலியாவில் தனக்கென ஒரு கோடைவாச மாளிகை கட்டினான். பின்னாளில் 'கிராண்ட் ஹோட்டல்' என வளர்ந்தது அதுவே. அதே பான்ஸ்தான் கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டவன். அதே பான்ஸ்தான் கொழும்பு–கண்டிப் பெருந்தெருவை இராசகாரிய ஊழியத்தைக் கொண்டு வெட்டுவித்தவன். அக்கால கட்டத்திலேயே, 1823 அளவில், ஜோர்ஜ் பேர்ட் என்பவன் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கினான். தென்னிந்தியத் தமிழரைக் கூலிகளாகக் கொண்டுவரும் வரலாறு அதிலிருந்தே கணிக்கப்படுகின்றது. மாளிகை, தெரு, கோப்பி, கூலி ஆகிய நான்கும் ஒரே பத்தாண்டுக்குள் ஒரே கரத்தின் நிழலில் எழுந்தவை. மாளிகையை மட்டும் பிரித்தெடுத்து 'மரபுரிமை' என்று பலகை தொங்கவிட்டால், மற்றவை எங்கே போயின என்று கேட்பது எமது கடமையாகின்றது.

அவை எங்கே போயின என்பது தெரிந்ததுதான். இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்து புறப்பட்டோர் தலைமன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டூடாக மாத்தளைவரை நடந்தனர். கொலராவிலும் பசியிலும் வழிநெடுகச் செத்தனர். 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இலேயே அதற்கு வழிகாட்டியிருந்தான். பயிர் மாறிற்று, லயம் மாறவில்லை. நிலத்தின் அமைப்பை ஒருமுறை மேலிருந்து பார்த்தவருக்கு இது விளங்கும். மேட்டில் பங்களா, அதன்கீழ் உத்தியோகத்தர் வீடுகள், அதற்கும் கீழே பள்ளத்தில் லயம். துரை தன் விறாந்தைக் கதிரையிலிருந்தபடியே பிரட்டுக்களத்தைப் பார்க்கலாம். விளம்பரங்கள் வருணிக்கும் 'எழில்மிகு காட்சி' என்பது கண்காணிப்புக்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட உயரத்திலிருந்து கிடைப்பது.

அன்று அந்த மேட்டுக்கு எவரும் நினைத்தபடி ஏறிவிட முடியாது. தோட்டத்துக்குள் அந்நியர் நுழைவது அத்துமீறல் எனப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தொழிலாளர் நிலையை அறிவதற்காகப் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்பது மலையக வரலாற்றின் தொடக்கப் பாடம். நுவரெலியாவில் 1876இல் நிறுவப்பட்ட ஹில் கிளப், சுதேசிகளை நெடுங்காலம் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. மாலையில் கழுத்துப்பட்டி கட்டாமல் உணவறைக்கு வருவோருக்கு இரவலாகப் பட்டி கொடுக்கும் அதன் வழக்கம் பயணக் குறிப்புகளில் எல்லாம் புகழ்ந்து எழுதப்படுகின்றது. (எம்மவர் சிலர் அந்த இரவற் பட்டியோடு எடுத்த படத்தைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டியுள்ளதை நான் கண்டிருக்கின்றேன்.) கந்தப்பளையில் மூடப்பட்டுக்கிடந்த ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் உயர்தர விடுதியாயிற்று. 2005 முதல் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய துரைமார் பங்களாக்கள் செல்வந்தப் பயணிகளுக்காகத் திறக்கப்பட்டன. கட்டடக் கலை நோக்கில் இவை செம்மையாகப் பேணப்பட்டவை என்பதில் எனக்கு ஐயமில்லை. இரும்பும் மரமும் இவ்வளவு பரிவோடு பேணப்படும் நாட்டில், லயக் காம்பராவின் கூரைத்தகரம் ஏன் இன்னும் கல்லேற்றி வைக்கப்பட்டிருக்கின்றது என்பதே ஐயம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, வேலைவாய்ப்பு. தோட்டத்து இளைஞருக்குக் கொழுந்துக்கூடையை விட்டால் கொழும்புக் கடைதான்; விடுதிகள் அவர்களுக்கு வேலை தருகின்றன என்கின்றனர். தரட்டும். வேலை தருவதற்குப் பித்தளைப் பொத்தான் எதற்கு? 'தொரே' எதற்கு? சமையலும் பரிமாறலும் மானமுள்ள தொழில்கள். அவற்றைச் செய்பவருக்கு அடிமையின் வேடம் பூட்டுவது தொழில் தேவையன்று, வாடிக்கையாளரின் பசி.

இரண்டாவது வாதம் வலுவானது. அதனைக் கூட்டத்தில் எனக்கு மூத்த மாணவர் ஒருவர் எடுத்துரைத்தார். "ஒருகாலத்தில் கறுத்தவனை உள்ளே விடாத வீட்டில் இன்று தமிழ்ப் பிள்ளைகள் காசு கொடுத்து இருந்து சாப்பிடுகின்றார்கள் என்றால் அது வெற்றியல்லவா?" பல நாள் இதனை யோசித்தேன். அவர் கூறியதில் ஓர் உண்மை உண்டு. விலக்கப்பட்டவன் உள்ளே நுழைவது சிறிய செய்தியன்று. ஆனால் யார் நுழைந்தது? விலக்கப்பட்டவர்களுள் பங்களாவின் நிழல்கூடத் தொடமுடியாதிருந்தவர் லயத்தார். நுழைந்தவர்களோ நாங்கள். லயத்துப் பிள்ளை வாசலிலேயே திரும்பிப் போனான். அவனுடைய வெற்றியை எங்கள் கணக்கில் வரவு வைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இங்குதான் யாழ்ப்பாணத்தார் தம்மைத் தாமே நோக்கவேண்டும். வெள்ளையனை ஏசுவது எமக்குச் செலவில்லாத காரியம். அத்தோட்டங்களில் நாமும் இருந்தோம், லயத்தில் அல்ல. கிளாக்கராக, ரீமேக்கராக, ஆஸ்பத்திரி ஐயாவாக, நடுமேட்டு வீடுகளில் இருந்தோம். மாதம் முடிய ஊருக்கு அனுப்பிய மணியோடரில் எத்தனை கல்வீடுகள் எழுந்தன! 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை வெள்ளைக்காரன் எமக்குக் கற்பிக்கவில்லை.

அரசியலிலும் அவ்வாறே. எங்கள் ஊரில் 1913இல் மகளிர் கல்லூரி நிறுவிப் பெண்கல்விக்குப் பெருந்தொண்டாற்றிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அதனை வன்மையாக எதிர்த்தார். அவர் தம்பி அருணாசலமோ 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் அமைத்து, ஒப்பந்தம் மீறிய கூலியைச் சிறையிலிடும் சட்டத்துக்கெதிராக உழைத்தார். ஒரே வீட்டில் இரு வழிகள் திறந்திருந்தன என்பதை இது காட்டுகின்றது. நாம் எவ்வழி சென்றோம்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தபோது, எங்கள் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசின் அமைச்சராக இருந்து அதற்கு ஆதரவளித்தார். செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 மார்கழியில் தமிழரசுக் கட்சியை அமைத்தார்; அந்த அளவில் எமக்கு முழு இழுக்கு நேரவில்லை. ஆயினும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பின்னர் பார்ப்போம் என்று அரிசி மூடைபோல் பங்கிட்டபோது யாழ்ப்பாணம் எவ்வளவு கொதித்தது? கலவரங்களால் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தோரை நாம் பெரும்பாலும் மலிவான கூலியாகவே கண்டோம். எங்கள் வீடுகளில் கோப்பை கழுவிய மலையகச் சிறுமிகளை நினைவுகூர என் தலைமுறையினருக்கே முடியும். குடியுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது 2003இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இத்தகைய வரலாறு உடைய ஒரு சமூகத்தின் பிள்ளைகள் மலைக்குச் சென்று, கேட்டுப் பெற்ற கடனில் துரையின் கதிரையில் இரண்டு இரவு அமர்ந்து வருவது வெறும் உல்லாசமன்று. நடுமேட்டிலிருந்து உச்சிமேட்டுக்கு ஏறிய பெருமிதம் அது. அன்று என் மனத்துள் இனித்ததும் அதுதான்.

"அப்படியானால் மலைநாட்டுக்கே போகக் கூடாதா?" என்பர். போகவேண்டும், அடிக்கடி போகவேண்டும். தங்குவது பற்றித்தான் பேச்சு. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிசம் மாளிகை 1960களின் தொடக்கத்திலிருந்து துறவியர் மடமாக இருக்கின்றது. துரையின் நூலகமும் மரவேலைகளும் அங்கும் உள. எனினும் அங்கே எவரும் எவரையும் துரையாக்குவதில்லை. ஜாம் வாங்கிக்கொண்டு வரலாம். கட்டடத்தை இடிக்காமலே அதன் அதிகாரத்தைக் களையலாம் என்பதற்கு அது சான்று.

மடம் என்ற சொல் வந்ததனால் என் ஊரைப் பற்றியும் சொல்கின்றேன். மருதனார்மடச் சந்தியில் இறங்குவோர் பெரும்பாலும் சந்தையையும் ஆஞ்சநேயரின் உயர்ந்த சிலையையும் பார்ப்பர். ஊர்ப்பெயரின் பின்பாதியை எவரும் கேட்பதில்லை. குடாநாட்டுத் தெருக்களில் முன்னோர் மடம் அமைத்தனர். பக்கத்தில் கேணி, தலைச்சுமையை ஆளுதவியின்றி இறக்கச் சுமைதாங்கி, மாடு முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக் கல். வழிப்போக்கன் காசு கொடுக்கவில்லை; விலாசம் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் இதனைச் சொல்லிப் புளகாங்கிதம் அடையவும் நான் ஆயத்தமில்லை. திண்ணைகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும், மாட்டுக்குக் கல் நாட்டியவர்கள் சில மனிதருக்குக் கிணற்றை மறுத்தனர் என்பதும் அதே ஊர்களின் வரலாறு. மடத்தையும் நாம் திருத்தித்தான் ஏற்கவேண்டும். ஆயினும் தங்குமிடம் என்பது களைத்தவனுக்கு உரியது என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்த எண்ணத்தின் பெயரைச் சுமக்கும் ஊரிலிருந்து சென்று, களைத்தவர் பரிமாற நாங்கள் களைப்பாறினோம்.

ஆகவே என் மாற்று முன்மொழிவை எழுத்தில் வைக்கின்றேன். வரும் சித்திரையில் நாம் நுவரெலியா மாவட்டத்துக்கே செல்வோம். தோட்டப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தை, அதிபரினதும் பெற்றோரினதும் சம்மதத்தோடு, இரு இரவுக்குக் கேட்போம். பங்களாவுக்குக் கொடுக்கும் தொகையில் பாதியைச் சமையலுக்கும் பாதியை அப்பாடசாலை நூலகத்துக்கும் கொடுப்போம். எங்கள் அணியில் வரலாறு பயில்வோர் லயத்து முதியோரிடம் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். அந்த விறாந்தைப் படத்தில் நின்ற பெண்களின் பேத்திகள் இன்னும் அம்மலையில்தான் இருக்கின்றனர். அறிந்த பெயர்களை அந்த விடுதிக்கு அனுப்பி, நாயின் பெயர் எழுதிய சுவரில் இவற்றையும் எழுதுமாறு கேட்போம். மறுத்தால் அடுத்த மலரில் நாமே அச்சிடுவோம்.

குளிர் தாங்கமாட்டோம் என்று சிலர் கூறுவது காதில் விழுகின்றது. என் நண்பனிடம் கேட்டேன். பாடசாலை மண்டபத்தில் சாக்கு விரித்துப் படுத்தால் குளிராது என்கின்றான். வேண்டுமானால் தன் வீட்டில் நாலு பேர் படுக்கலாமாம். முன்வாசல் ஒன்றுதான் உண்டு, அதனால் குழப்பமில்லை என்றும் சொன்னான். சுற்றுலாக் குழு தை மாதம் கூடும்போது இம்முன்மொழிவை வாக்கெடுப்புக்கு விடுமாறு செயலாளரைக் கேட்டிருக்கின்றேன்.